பன்னிரண்டாவது இடம்

பதிவு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் லேமினேஷன் கடை வைத்திருந்தவருக்கு ஊர் வைத்த பெயரும் லேமினேஷன்தான். ஜெராக்ஸ் எடுப்பார், பாஸ்போர்ட் அளவில் படம் பிடிப்பார், விண்ணப்பம் எழுதித் தருவார். ஆனால் மனசு முழுக்க லேமினேஷன் இயந்திரத்தின் சூடான உருளைகளில்தான். ஒரு காகிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் விட்டு, வெந்து வெளியே வந்ததும் ஓரத்தை நறுக்கி, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால்தான் அதில் எழுதியிருப்பது உண்மை என்று நம்புவார். மார்க் ஷீட், பத்திரம் எல்லாம் போகட்டும், வீட்டுக்கு மின்விசிறி வாங்கிய ரசீதைக்கூட லேமினேட் செய்து வைத்திருந்தார். "என்னையும் ஒரு நாள் அதுக்குள்ள விட்டு எடுத்துடுங்க, சுருக்கமெல்லாம் போயிடும்" என்பாள் அவர் மனைவி.

நல்ல மனிதர்தான். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் அவர் அப்படித் தெரியமாட்டார்.

அவர் குடும்பம் இரண்டு கிளை. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் செங்கல் சூளை வைத்துச் சம்பாதித்த ஒருவருக்கு இரண்டு மகன்கள். ஒருவர் அப்பாவின் சூளையை எடுத்து நடத்தினார். அவர் சூளைத் தாத்தா. இன்னொருவர் தபால் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். அவர் தபால் தாத்தா. சூளைத் தாத்தா மூத்தவர், தபால் தாத்தா இளையவர் என்பது வழிவழியாக வந்த பேச்சு. அதனால் சூளைத் தாத்தா வழியினர் பெரிய வீட்டுக்காரர்கள். தபால் தாத்தா வழியினர் சின்ன வீட்டுக்காரர்கள். லேமினேஷன் சின்ன வீடு. பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்க, இவர் வெள்ளந்தியாக "நான் சின்ன வீட்டுப் பிள்ளை சார்" என்று சொல்லிவிட்டார். தமிழ் தெரிந்தவன் எவன் சிரிக்காமல் இருப்பான்? வகுப்பே குலுங்கியது. அந்தச் சிரிப்பு அவர் காதைவிட்டுப் போகவே இல்லை.

இதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. இந்த இருவரின் அப்பாவான சூளைக்காரர் கல்யாணமான புதிதிலேயே, ரயில் நிலையத்துக்குப் பின்புறம் இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்தில், மதில் ஓரமாகப் பன்னிரண்டு பேர் படுக்கும்படி ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டிருந்தார். மூத்த மகன் வழிக்கே உரிமை, இளையவன் வழியில் யாரையாவது வைப்பதானால் மூத்த வழியின் சம்மதம் வேண்டும் என்று சாவதற்கு முன்னால் ஒரு வரி எழுதிவைத்தார். செத்த பிறகும் மனுஷனுக்கு அதிகாரம் போகவில்லை, பாருங்கள். அந்த ஒரு வரியால் சின்ன வீட்டில் யாராவது கண்ணை மூடினால், அழுகைக்கு நடுவே ஒருவர் எழுந்து பெரிய வீட்டுக்குப் போய் 'ஒரு வார்த்தை' கேட்டுவிட்டு வரவேண்டும். எப்போதும் சரி என்றுதான் சொல்வார்கள். ஆனாலும் போய்க் கேட்கவேண்டும்.

தன் அப்பா இறந்த காலையில் அந்த ஒரு வார்த்தை கேட்கப் போனவர் லேமினேஷன்தான். அப்போது அரும்பு மீசைக்காரர். பெரிய வீட்டுக்காரர் வாசலில் கண்ணாடியை மாட்டி முகச் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னத்தை முடித்து, கத்தியைக் கழுவி, மறு கன்னத்தில் நுரையோடு திரும்பி, "ம், போட்டுக்குங்க" என்றார். அன்று அப்பாவைத் தூக்கிய தோள்களில் ஒன்று அந்த மனிதருடைய மகனின் தோள். அது லேமினேஷனுக்கு மறந்துவிட்டது. சோப்பு நுரை மட்டும் ஞாபகம் இருந்தது.

அந்த மகன்தான் இப்போது பெரிய வீட்டுக்கு மிச்சம். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், இவருக்கு அண்ணன் முறை. எல்லாரும் டிரைவர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். வாய்திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டார். முப்பது வருஷம் 'ஓட்டுநரிடம் பேசாதீர்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்த பழக்கம் என்று கேலி செய்வார்கள்.

லேமினேஷன் தபால் தாத்தாவைத் தேட ஆரம்பித்தது ஐம்பது வயதுக்குமேல். கடைக்கு வருகிறவர்கள் பழைய பதிவுகளின் நகலைக் கொண்டுவந்து நீட்ட நீட்ட, நம்ம ஆளும் உள்ளேதானே எங்கேயோ இருப்பார் என்று ஓர் அரிப்பு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையை மனைவியிடம் விட்டுவிட்டுச் சாலையைக் கடந்து ஆவண அறைக்குப் போவார். ஜன்னல் ஓர மேஜை, கடகடவென்று சுற்றும் விசிறி, தும்மிக்கொண்டே இருக்கும் காவல் அம்மா. பிறப்புப் பதிவு, வீட்டு வரிப் பட்டியல், தபால் இலாகாவின் ஊழியர் பதிவேடு எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக மேய்ந்தார். உறவினர் வீட்டுப் பெட்டிகளைக் கிளறி, கரையான் தின்றது போக மிஞ்சிய கடிதங்களையும் ஒரு புகைப்படத்தையும் பிடித்தார். படத்தில் சூளைத் தாத்தா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தபால் தாத்தா பின்னால் நிற்கிறார்.

"உக்காந்திருக்கறவர்தானே மூத்தவர்?" என்றாள் மனைவி.

"உக்காந்தா மூத்தவரா? கால் வலிச்சிருக்கும்!"

"நடையா நடந்தவர் தபால் தாத்தா. கால் வலி சூளைத் தாத்தாவுக்கா?"

லேமினேஷன் படத்தை உறைக்குள் விட்டார்.

ஒரு நாள் கிடைத்தது. சூளைத் தாத்தா பிறந்ததற்கு இரண்டு வருஷம் முந்திய பிறப்புப் பதிவில், அதே அப்பா, அதே அம்மா, அதே சூளைத் தெரு, ஆண் குழந்தை, தபால் தாத்தாவின் பெயர். எழுத்துக்கு எழுத்து. "ஆஹா!" என்று அவர் போட்ட சத்தத்தில் காவல் அம்மாவுக்கு வந்த தும்மல் பாதியில் நின்றுவிட்டது.

தபால் தாத்தாதான் மூத்தவர்! அப்படியென்றால் சின்ன வீடுதான் பெரிய வீடு. நூற்றைம்பது வருஷம் எல்லாரும் தலைகீழாகத் தொங்கியிருக்கிறார்கள், தன் அப்பாவின் பிணத்துக்குத் தான் போய் நுரைக்கன்னத்தைப் பார்த்து நின்றிருக்கவே வேண்டாம். அந்த மனுஷனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது, பாவம். அன்று மாலை உறவினர் எல்லாருக்கும் ஆளுக்கொரு நகல், பளபளவென்று லேமினேட் செய்து. கல்லறைத் தோட்டக் குழுவுக்கு ஒன்று. குழுவின் செயலாளர் ஒரு பல் டாக்டர். அவர் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "பதிவுன்னா பதிவுதாங்க" என்று உரிமையை மாற்றி எழுதிக்கொண்டார்.

இதில் ஒரு சின்ன முள் இருந்தது. தபால் இலாகாவின் பதிவேட்டில் தாத்தா வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த வயது இந்தப் பிறப்புக்கு ஒத்துவரவில்லை. நாலு வயது குறைவாக இருந்தது. "அந்தக் காலத்துக் குமாஸ்தா தூக்கக் கலக்கத்துல எழுதியிருப்பான்" என்று லேமினேஷன் அதை ஒதுக்கிவிட்டார். தேடியது கிடைத்த பிறகு யார் தேடுவார்கள்? பிறப்புப் பதிவை மூடிவைத்தவர் அடுத்த வருஷத்து ஏடுகளை எட்டிப் பார்க்கவே இல்லை. இறப்புப் பதிவின் பக்கமே போகவில்லை. தாத்தா வளர்ந்து பெண் கட்டிப் பிள்ளை பெற்றுத்தானே நான் வந்தேன், அவர் குழந்தையில் செத்தாரா என்று எவனாவது பார்ப்பானா என்பது அவர் கணக்கு.

கல்லறைத் துண்டில் அப்போது மிச்சம் ஒரே இடம். பாதிப் பேர் பிழைக்கப் போன ஊரிலேயே மண்ணாகிவிட்டதால் அதுவாவது மிஞ்சியிருந்தது. பதினோராவது இடத்தில் இருப்பது டிரைவர் அண்ணனின் ஒரே மகள். ஒன்பது வயதில் காய்ச்சலில் போன குழந்தை. பன்னிரண்டாவது அவளுக்குப் பக்கத்தில், வெறும் புல்.

அந்த வருஷம் டிரைவர் அண்ணி படுத்த படுக்கையானாள். பிழைக்கமாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் முற்பகல் டிரைவர் அண்ணன் கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே யாரோ ஒருவருடைய ஓட்டுநர் உரிமம் உருளைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன் தம்பி" என்றார்.

லேமினேஷனுக்குப் புரிந்துவிட்டது. உடனே நிமிர்ந்திருக்கலாம். நிமிரவில்லை. உரிமம் வெளியே வரும்வரை காத்து, ஓரத்தை நறுக்கி, விளக்குக்குக் காட்டி, வாடிக்கையாளரிடம் கொடுத்து, அதற்குப் பிறகுதான் "சொல்லுங்கண்ணே" என்றார். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்துக்கு வந்த மாதிரி.

"உங்கண்ணி ரொம்ப நாள் தாங்கமாட்டா. பாப்பா பக்கத்துல படுக்கணும்னு சொல்றா. வேற எதுவும் கேக்கல."

"எனக்குப் புரியுதுண்ணே. ஆனா இருக்கறதே ஒரே இடம். அம்மாவுக்கும் வயசாயிடுச்சு. அப்பா வேற அங்கதான் இருக்கார்."

"சித்திக்கு நான் வேற நல்ல இடமா…"

"ரூல் எழுதினது நானா சொல்லுங்க? பேப்பர்ல என்ன இருக்கோ அதுதானே நியாயம். இத்தன வருஷம் நாங்க மதிக்கலியா?"

டிரைவர் அண்ணன் சுவரில் மாட்டியிருந்த லேமினேட் செய்த வம்சாவளியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "சரிப்பா" என்றார். படியிறங்கிப் போய்விட்டார். இன்னொரு தடவை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று லேமினேஷன் பிற்பாடு தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். பொய். கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கமாட்டார். அது அவருக்கே தெரியும்.

வீட்டில் அம்மா பிடித்துக்கொண்டாள். "ஏண்டா, அந்தக் குழந்தை பக்கத்துல அதோட அம்மா படுக்கட்டும்டா. எனக்கு எங்க போட்டாலும் தூக்கம் வரும்."

"அப்பா பக்கத்துல இருக்க வேணாமா உனக்கு?"

"உங்கப்பாவோட படுத்ததெல்லாம் போதும். அந்தக் குறட்டையில இருந்து இப்பத்தான் காது தேறியிருக்கு."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ சும்மா இரும்மா."

அம்மா சும்மா இருந்தாள். அவரிடம் பேசாமல் பல நாள் சும்மா இருந்தாள்.

அண்ணி போனதும் ஊருக்கு வெளியே வட்டச் சாலை ஓரத்தில் இருக்கும் நகராட்சி இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். லாரிகள் போகும் சத்தத்தில் யார் என்ன பேசினார்கள் என்றே கேட்கவில்லை. மரம் மட்டை கிடையாது, சிமெண்ட் பலகையில் நம்பர். லேமினேஷன் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றார். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, எல்லாரும் மரியாதையாகவே தலையசைத்தார்கள். நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது. பதிவுன்னா பதிவுதான் என்று அதை அமுக்கி வைத்தார். அன்றிலிருந்து வாராவாரம் டிரைவர் அண்ணன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் மகளைப் பார்த்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வட்டச் சாலைக்குப் போய் மனைவியைப் பார்ப்பதாகக் கேள்விப்பட்டார். கேள்விப்பட்டதோடு சரி.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் அம்மா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். துக்கத்துக்கு முதலில் வந்தவர் யார் என்கிறீர்கள்? டிரைவர் அண்ணன்தான். நாற்காலி இறக்கினார், வண்டிக்குச் சொன்னார், வந்தவர்களுக்கு வழி விட்டார். "ஒரு வார்த்தை கேக்க யார்கிட்டயும் போகவேண்டாம், நம்ம இடம்" என்று லேமினேஷன் மனைவியிடம் சொன்னபோது அது டிரைவர் அண்ணன் காதில் விழுந்திருக்கவேண்டும். திரும்பிப் பார்க்கவில்லை.

மழையால் குழி தோண்டுவது தாமதமாகிவிட்டது. கூட்டம் கல்லறைத் தோட்டத்துக்குள் வந்தபோது ஆட்கள் இன்னும் முழங்கால் ஆழத்தில்தான் நின்றார்கள். பெட்டியை மதில் ஓரம் வைத்துவிட்டு எல்லாரும் குடைக்குள் காத்திருந்தார்கள். கடப்பாரை 'டங்' என்றது.

"ஐயா, இங்க ஏதோ கல்லு கெடக்கு" என்றார் தோண்டியவர்.

"பாறையா?" என்றார் பல் டாக்டர். அடக்கம் என்றால் செயலாளர் வந்து நிற்கவேண்டும், அது அவர் வழக்கம்.

"இல்லைங்க, எழுத்து இருக்கு."

ஒரு சப்பாத்திப் பலகை அகலம்கூட இருக்காது. புல்லுக்கடியில் புதைந்து போன சின்னக் கல். மேலே தூக்கி வைத்து வாளித் தண்ணீரை ஊற்றித் தேய்த்தார்கள். பல் டாக்டர் கண்ணாடியை இறக்கி, குனிந்து, நோயாளியின் வாய்க்குள் பார்ப்பதுபோல் பார்த்து, எல்லாரும் கேட்கும்படி படித்தார். தபால் தாத்தாவின் பெயர். சூளைக்காரரின் மகன். பிறந்த வருஷம், லேமினேஷன் ஊருக்கெல்லாம் அனுப்பிய அதே வருஷம். இறந்தது அதற்கு அடுத்த வருஷம். வயது ஒன்று.

"என்ன மாப்ளே இது?" என்றான் லேமினேஷனின் மச்சான். இழவு வீடானாலும் அவனுக்கு வாய் நிற்காது. "தபால் தாத்தா ஒரு வயசுலயே செத்துட்டார்னா நீங்கல்லாம் எப்படி வந்தீங்க? தபால்லயா?"

யாரோ குடைக்குள் களுக்கென்று சிரித்து, உடனே இருமினார்கள்.

லேமினேஷனுக்கு விளங்க ஒரு நொடிகூட ஆகவில்லை. வேறு யாருக்கு விளங்காவிட்டாலும் அவருக்கு விளங்கவேண்டும். அந்தக் காலத்தில் ஒரு பிள்ளை செத்துவிட்டால் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அதே பெயரைத் திரும்ப வைப்பார்கள். பழைய பதிவுகளைப் புரட்டுகிறவர்களுக்கு இது அரிச்சுவடி. ஒரு தலைமை ஆசிரியர் தன் வம்சாவளியில் இதே மாதிரி செத்த குழந்தையைத் தன் பாட்டனாராக எழுதிக் கொண்டுவந்தபோது, கடை நிறைய ஆள் இருக்க, "சார், உங்க பாட்டனார் தொட்டில்லயே போயிட்டாரு, நீங்க எப்படி சார் பென்ஷன் வாங்கறீங்க?" என்று கேட்டு அவர் மூக்கை உடைத்தவர் சாட்சாத் இவர்தான். முதல் பிள்ளை போனது. பிறகு சூளைத் தாத்தா பிறந்தார். அவருக்குப் பின்னால் பிறந்தவருக்குப் போன பிள்ளையின் பெயரை வைத்தார்கள். அவர் வளர்ந்து தபால் பையைத் தூக்கினார். நாற்காலிக்குப் பின்னால் நின்றார். குமாஸ்தா தூங்கவில்லை. அந்த நாலு வயது வித்தியாசத்தைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறான்.

எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகிப் போவது என்று சொல்வார்களே, அதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தார்கள். குடைக்கடியில் நின்ற மனிதர் குடைக்கம்பு அளவுக்கு ஆகிவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. இது வேறு யார் பிள்ளையாகவாவது இருக்கலாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு நுனிவரை வந்தது. கல்லில் அப்பன் பெயர் பச்சையாக நிற்கிறது. பக்கத்தில் ஒன்பது வயதுக் குழந்தையின் கல் நிற்கிறது. சொல்லியிருந்தால் அந்த நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்திருக்கவேண்டும்.

"ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு இடக்கணக்கு வச்சதில்லீங்க, அந்தக் காலத்துல ஓரமா வச்சு மூடிடுவாங்க" என்று பல் டாக்டர் யாரும் கேட்காமலே விளக்கினார். அவருக்கும் வேர்த்துவிட்டது. "அப்படின்னா… மூத்த வழி… உரிமைன்னு பார்த்தா…" பேச்சை முடிக்காமல் டிரைவர் அண்ணனைப் பார்த்தார். குடைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பக்கம் திரும்பின. பெட்டி மதில் ஓரத்தில் நனைந்துகொண்டிருந்தது.

டிரைவர் அண்ணன் குடை பிடிக்கவில்லை. நனைந்தபடி அந்தச் சின்னக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து குழிக்குள் நின்ற ஆட்களைப் பார்த்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? தோண்டுங்க. அந்தப் பிள்ளைக் கல்லு எங்க இருந்துச்சோ அதே ஓரத்துல திரும்ப வைங்க. சித்தி நனையறாங்க பாருங்க."

அவ்வளவுதான். நுரை இல்லை, கண்ணாடி இல்லை, காக்கவைக்கவில்லை.

லேமினேஷனால் தாங்கமுடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். சட்டையைப் பிடித்திருந்தால் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். முன்னால் வந்து கையைக் கூப்பினார்.

"வேணாம்ணே. நான் தப்புப் பண்ணிட்டேன். சரியாப் பார்க்காம… பார்க்கணும்னு தோணல, கெடச்சது போதும்னு… அண்ணிக்கு நான் பண்ணது பெரிய பாவம். அம்மாவை வட்டச் சாலைக்கே கொண்டு போயிடறேன். அம்மாவே அன்னிக்கு அதைத்தான் சொன்னாங்க. இந்த இடம் உங்களோடது. அண்ணியை இங்க மாத்தறதுக்கு எந்த ஆபீஸ்ல கேக்கணுமோ நான் போய்க் கேக்கறேன், நடையா நடக்கறேன்…"

"வாயை மூடுடா!"

முப்பது வருஷத்தில் டிரைவர் அண்ணன் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. மச்சான்கூட ஒரு அடி பின்னால் போனான்.

"பொணத்தை வச்சுக்கிட்டு நியாயம் பேசறியா? அன்னிக்கு உனக்கு மூத்தவன் ஆகணும்னு அவளை லாரி சத்தத்துல போட்டோம். இன்னிக்கு உனக்கு வெட்கம் தீரணும்னு சித்தியைப் பெட்டியோட ஊர் சுத்த வைக்கணுமா? அவளைத் தோண்டி எடுக்கணுமா? உன் வெட்கத்துக்கு வேற வழி பாரு. இவங்களை விடு."

டிரைவர் அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேசப் பேச அவர் குரல் இறங்கியது.

"எம்பொண்ணுக்குச் சின்னப்பாட்டின்னா உசுரு. சித்தி மடியிலதான் தூங்குவா. அவ அம்மாவைத்தான் பக்கத்துல வைக்க முடியல. சித்தியாவது துணைக்கு இருக்கட்டும்." பிறகு ஆட்களிடம் திரும்பி, "தோண்டுங்கப்பா" என்றார்.

தோண்டினார்கள். சின்னக் கல்லை ஓரத்தில் திரும்ப வைத்தார்கள். பெட்டியை இறக்கும்போது தலைமாட்டுக் கயிற்றைப் பிடித்தவர் டிரைவர் அண்ணன். கால்மாட்டில் லேமினேஷன். அம்மா இறங்குகிறாள், இவருக்கு அம்மாவின் ஞாபகம் வரவில்லை. உருளைக்குள் மெதுவாகப் போன அந்த ஓட்டுநர் உரிமம்தான் கண்ணுக்குள் நின்றது. அதை முன்னாலேயே எடுத்துவிட்டு நிமிர்ந்திருக்கலாமே, அந்த அளவுக்காவது மனுஷனாக இருந்திருக்கலாமே என்று நினைத்தார்.

ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். யாரும் அவரிடம் ஆறுதல் சொல்ல வரவில்லை. கோபத்தால் இல்லை, அவரை நிமிர்ந்து பார்க்க அவர்களுக்கே கூச்சமாக இருந்தது. பல் டாக்டர் மட்டும் வந்து, "பதிவை மறுபடி மாத்தணும்… அவசரமில்லை, அப்புறமா வாங்க" என்று தன் செருப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டு நழுவினார். மனைவி கையைப் பிடித்து, "வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றாள். எப்போதும் அவள் நாக்கில் இருக்கும் கேலி ஒரு துளிகூட இல்லை. அதுவே அவரை இன்னும் கொன்றது. நீ முன்னால் போ என்று அனுப்பிவிட்டார்.

டிரைவர் அண்ணன் வாசல் குழாயில் கையையும் காலையும் கழுவிக்கொண்டிருந்தார். லேமினேஷன் பக்கத்தில் போய் நின்றார். என்ன சொல்வது என்று தெரியாமல், தெரிந்த ஒன்றைக் கேட்டார்.

"அண்ணியைப் பார்க்கப் போறீங்களாண்ணே?"

"ம்."

"நானும் வரட்டுமா?"

டிரைவர் அண்ணன் குழாயை மூடினார். சொட்டுவது நிற்கும்வரை இன்னும் கொஞ்சம் இறுக்கித் திருகினார். முகத்தில் இப்போது கோபம் இல்லை, அசதிதான் இருந்தது.

"வேணாம்பா. உங்கம்மா பக்கத்துல இரு" என்றார். "பக்கத்துல இருக்க முடிஞ்சவங்க இருந்துக்கணும்."

மழையில் நடந்து போய்ப் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டார். பஸ் வந்தது, ஏறிப் போனார். அவர் தலை மறையும்வரை இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு லேமினேஷன் திரும்பி நடந்தார். இரண்டு கல்லறைக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத்தான் இடைவெளி இருந்தது. ஈரத்தில் அப்படியே உட்கார்ந்தார். ஒரு கைக்குப் புது மண். மறு கைக்கு அந்தக் குழந்தையின் கல். அதில் தூசி இல்லை, பாசி இல்லை, வாராவாரம் ஒரு கை துடைத்த கல். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் பொங்கிக்கொண்டு வந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பிள்ளைக்கு முன்னால், தன் அம்மாவைப் பார்த்து "அம்மா" என்று அழ அவருக்கு வெட்கமாக இருந்தது.